வடசென்னையில் மகளிர் குழுக்களின் கணக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. கூடையோடு வந்து நிற்கும் பெண்கள், அன்றைய வரத்தையும், எந்தத் தெருவில் எந்த மீன் போகும் என்பதையும், ஐஸ் விலையையும், மீன்பாடி வண்டிக்குக் கொடுக்க வேண்டிய வாடகையையும் மனத்துக்குள்ளேயே கூட்டிக் கழித்துச் சில நொடிகளில் ஒரு விலையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விலை பிசகினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண். இப்படி நாள்தோறும் முதல் போட்டு, நட்டத்தைத் தாங்கி, மறுநாளும் அதே இடத்தில் வந்து நிற்கிறவர்களிடம் போய், உங்களைத் தொழில்முனைவோராக ஆக்கப் போகிறோம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்குச் சற்று வியப்பாகவே இருக்கிறது. வடசென்னைப் பெண்களுக்குத் தொழில் தெரியும். மலிவான முதலும், விற்ற பொருளுக்கு உரிய காலத்தில் பணம் பெறும் வலிமையும், தங்கள் பணத்தைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் ஓர் இடமும்தான் அவர்களுக்குக் குறை. இவற்றில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்கவில்லை என்று எழுத வேண்டும் என நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் வங்கிக் கிளை ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள்; வீடு தண்டையார்பேட்டையில். ஓய்வுக்குப் பிறகு, அக்கம்பக்கத்துக் குழுக்கள் சிலவற்றுக்குக் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது. டீயும், சில நாள்களில் சுண்டலும் உண்டு. ஆகவே கீழே வருபவை கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தவை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் தண்டலை, அதாவது நாள்தோறும் வசூலிக்கும் கடனைப் பற்றிச் சொல்லாமல் குழுவைப் பற்றிப் பேச முடியாது. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு என எந்தப் பகுதிக்குப் போனாலும், மாலையில் கையில் ஒரு நோட்டுடன் தெருத் தெருவாக வசூலுக்கு வருகிறவரைப் பார்க்கலாம். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு ரூபாய் வீதம் 100 நாள்களில் திரும்ப வாங்குவது பரவலாக உள்ள ஒரு முறை. கேட்பதற்கு ஆயிரம் ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கடன் வாங்கியவரின் கையில் சராசரியாக இருப்பது அந்த ஒன்பதாயிரத்தில் பாதிதான். முறையாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை ஒரு பூ வியாபாரம் செய்யும் அம்மாளிடம் நான் விளக்கியபோது அவர், எல்லாம் தெரியும் என்றும், கேட்ட அன்றே வீட்டு வாசலில் பணம் கொடுப்பவர் வேறு யார் என்றும் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் எங்கள் பகுதியில் நிலைக்காது.

அந்தக் கேள்வியைச் சென்னையில் முதலில் பொருட்படுத்தியவர்களில் ஜெயா அருணாசலம் முக்கியமானவர். காங்கிரஸ் கட்சிப் பணியில் இருந்த அவர், குடிசைப் பகுதிகளில் காய்கறி, பூ, இட்லி விற்கும் பெண்களுக்கு நிவாரணத்தைவிடச் சிறு கடனே அவசரத் தேவை என்று கண்டு, 1978-ஆம் ஆண்டு உழைக்கும் பெண்களுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க, தேசியமயமான வங்கிகள் ஏழைகளுக்கென்று வைத்திருந்த 4 சதவீத வட்டிக் கடனை அவர்களுக்குப் பெற்றுத் தருவதுதான் தொடக்க முறை. வங்கிக் கிளைகளின் நடைமுறை இந்தப் பெண்களுக்கு ஒத்துவராததால், 1981-இல் அவர்களே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்று உருவானது. வங்கதேசத்தில் முகம்மது யூனுசின் கிராமீன் முயற்சி முறையான வங்கியாக மாறியது 1983-இல் என்பதை நினைத்தால், நம் ஊர் இதில் பிந்திவிடவில்லை என்பது தெரியும். குறுங்கடன் என்றால் டாக்காவைச் சொல்வதே நம் பத்திரிகைகளுக்கு வழக்கமாகிவிட்டது. சென்னையைச் சொல்வோர் குறைவு.

அரசின் வழி வேறு திசையில் தொடங்கியது. 1983-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது. 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தோன்றின. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி 1992-இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கிய பிறகு, சொத்தும் ஜாமீனும் இல்லாத பெண்களின் குழுவுக்கு வங்கி நேரடியாகக் கடன் கொடுக்கலாம் என்பது நாடெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறையாக ஆனது. 1997-98-இல் மாநில அரசு, இக்குழுக்களை வளர்க்கும் மகளிர் திட்டத்தைத் தன் நிதியிலேயே நடத்தத் தொடங்கியது. மதுரைப் பக்கத்துக் களஞ்சியம் இயக்கத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாளுக்கு 2001-இல் ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கிய படத்தை அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் பார்த்த நினைவு பலருக்கும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத, வயலில் கூலி வேலை செய்த ஒரு பெண் பல்லாயிரம் பெண்களின் சேமிப்பைக் கட்டிக் காத்ததற்கான மரியாதை அது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

இனி ஒரு குழு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதுதான் விஷயத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். ஒரே பகுதியில் வாழும் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்குள் குழுவை வழிநடத்தும் ஓர் ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்து, குழுவின் பெயரில் வங்கியில் சேமிப்புக் கணக்குத் தொடங்குகிறார்கள். வாரந்தோறும் கூட வேண்டும், ஒவ்வொருவரும் ஒரே அளவு தொகை சேமிக்க வேண்டும், சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள் கடனாகக் கொடுக்க வேண்டும், வாங்கியவர் தவணை தவறாமல் கட்ட வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்பவை ஐந்து அடிப்படை விதிகள். பதினைந்து பேர் வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் ஒரு வாரத்தில் 750 ரூபாய். ஓர் ஆண்டில் 39,000 ரூபாய். இந்தத் தொகை பெரிதாகத் தோன்றாது. ஆனால் அது யாருடைய மானியமும் அல்ல, யாரும் வந்து திருப்பிக் கேட்க முடியாதது.

இந்தப் பணத்தில் உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும்போது, எங்கள் பகுதியில் பெரும்பாலும் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கணக்கிட்டு, இதுவும் கந்து வட்டிதானே என்று என் பழைய சக ஊழியர் ஒருவர் கேட்டார். அந்த வட்டி குழுவின் பொது நிதிக்கே திரும்பி வருகிறது, கட்டுகிறவளுக்கும் அதில் பங்கு இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. வட்டியைக் குறைக்கலாமா என்று குழுவே அவ்வப்போது விவாதிக்கிறது. குறைத்த குழுக்களும் உண்டு. நிதி வளர வேண்டும் என்று அப்படியே வைத்த குழுக்களும் உண்டு.

கூட்டத்தில் நடப்பதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தீர்மானப் புத்தகத்தின் அருமை தெரியும். கையிருப்பில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது. ஒருத்தி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கேட்கிறாள், இன்னொருத்தி தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தக் கேட்கிறாள், மூன்றாமவள் தண்டல்காரரிடம் பட்ட கடனை அடைக்கக் கேட்கிறாள். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை அந்தப் பெண்கள், சில நேரம் குரலை உயர்த்தியும், பெரும்பாலும் ஒருவர் வீட்டு நிலைமையை மற்றவர் நன்கறிந்த நிதானத்தோடும் பேசித் தீர்க்கிறார்கள். பிறகு அது தீர்மானமாக எழுதப்பட்டு அனைவரும் கையெழுத்திடுகிறார்கள். வீட்டில் ஒரு பாத்திரம் வாங்குவதற்குக்கூட ஒப்புதல் கேட்க வேண்டியிருந்த பெண், இன்னொரு குடும்பத்தின் கடன் விண்ணப்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லி அது எழுத்தில் பதிவாகும் இடம் இது. அதிகாரம் பெறுதல் என்று பெரிதாகப் பேசப்படுவதை நான் கண்ணால் கண்ட இடம் இந்தப் புத்தகம் ஒன்றுதான். ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தனிநபர் பாஸ்புத்தகம் ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத குழுக்களில் புத்தகம் ஒரே ஒருவரின் வீட்டில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். அவரைத் தவிர வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது அல்லது படிக்கக் கேட்கத் துணிவிருக்காது.

வங்கிக் கடன் இதற்குப் பிறகுதான் வர வேண்டும். சில மாதங்கள் ஒழுங்காக நடந்த குழுவைத் தர மதிப்பீடு செய்து, முதலில் குழுவின் கையிருப்பைப் பெருக்கச் சுழல் நிதியும், பின்னர் சேமிப்பின் மடங்காக வங்கிக் கடனும் தருவது நடைமுறை. சுய உதவிக் குழுக்களுக்குப் பிணை கேட்காமல் கொடுக்கக்கூடிய கடனின் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2021-இல் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சமாக உயர்த்தியது. விதி அப்படி இருந்தும், குழுவின் சேமிப்புத் தொகையை எடுக்கவிடாமல் பிடித்து வைக்கும் கிளைகள் உண்டு. தங்கள் பணத்தைத் தாங்களே தங்களுக்குள் கடனாகக் கொடுத்துக்கொள்வதுதான் குழுவின் அடிப்படை என்னும்போது, அதை முடக்கிவிட்டுப் புதுக் கடனை நீட்டுவதில் என்ன பொருள் இருக்கிறது என்று முன்னாள் வங்கி ஊழியர் என்ற முறையில் எனக்குக் கோபம் வருவதுண்டு.

சேமிப்பு முதலில், கடன் பிறகு என்ற இந்த வரிசை தலைகீழாகும்போது பெயரில் மட்டும் குழு இருக்கும். குறுங்கடன் நிறுவனங்கள் நடத்தும் ஐந்தாறு பேர் கொண்ட கூட்டுப் பொறுப்புக் குழுக்களையும் எங்கள் தெருக்களில் குழு லோன் என்றே சொல்கிறார்கள். அங்கே சேமிப்பு கிடையாது, தீர்மானம் கிடையாது, வட்டியை முடிவு செய்யும் உரிமையும் கிடையாது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது மட்டும் உண்டு. அக்கம்பக்கத்து உறவைச் சேமிப்புக்குப் பயன்படுத்துவதும் வசூலுக்குப் பயன்படுத்துவதும் ஒன்றாகுமா? 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் இத்தகைய கடன்களின் வசூல் கெடுபிடியால் தற்கொலைகள் நிகழ்ந்ததாகப் பெரும் கொந்தளிப்பு எழுந்து, அம்மாநிலம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பிறகு ரிசர்வ் வங்கி இந்நிறுவனங்களுக்கென்று விதிகளை வகுத்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதே விதிகள் வட்டி உச்சவரம்பை நீக்கிவிட்டு, வட்டியை நிறுவனங்களே தீர்மானித்துக்கொள்ள விட்டன. 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் ஒரே பெண் மூன்று நிறுவனங்களின் வாரக் கட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கையில், அவள் வருமானத்தில் பாதி எது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்ப்பவர் யாரும் இல்லை.

அரசும் சில நேரங்களில் இந்த வரிசையைக் குழப்பியிருக்கிறது. 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் பெற்றிருந்த ஏறத்தாழ 2,756 கோடி ரூபாய் கடன் தள்ளுபடி செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பெருந்தொற்றால் தொழில் முடங்கிய காலம். பலருக்கு அது உண்மையான மூச்சுவிடும் நேரம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தேசியமயமான வங்கியில் வாங்கி, வீட்டு நகையை அடகு வைத்தாவது தவணையைக் கட்டி முடித்த குழுக்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தக் குழு ஒன்றின் கூட்டத்தில், ஒழுங்காகக் கட்டியதற்கு நமக்கு என்ன கிடைத்தது என்று ஒரு பெண் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். குழுக் கடனை வாங்கியவள் பெண்ணாகவும் செலவழித்தவர் ஆணாகவும் இருப்பது எங்கள் பகுதியில் அரிதல்ல. ஆட்டோவுக்கு முன்பணம், மைத்துனர் திருமணம், சில வீடுகளில் மதுக்கடை. இதைக் குழுக்கள் அறிந்தே இருக்கின்றன. ஒரு குழுவில், தொழிலுக்கு என்று வாங்கிய கடனுக்குப் பொருள் வாங்கிய ரசீதை அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கணவனிடம் மறுக்க முடியாத பெண்ணுக்கு, ரசீது கேட்கிறார்கள் என்று சொல்ல முடிவதே பெரிய துணை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருவதால், சிலர் அதில் ஒரு பகுதியைக் குழுச் சேமிப்பில் போடுகிறார்கள். வீட்டில் யாரும் கேட்பதில்லை என்றார்கள்.

தொழில் என்று வரும்போது, தனியாளின் தொழிலுக்குக் குழு முதல் கொடுப்பது வேறு, குழுவே சேர்ந்து ஒரு தொழிலை நடத்துவது வேறு. முதலாவது எளிது, பயனும் உடனே தெரியும். மீன் விற்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறுவதால், பழைய முதலில் பாதி மீன்கூட வாங்க முடியாது. தண்டல்காரருக்கு அறுவடைக் காலம் அதுதான். குழுவில் இருப்பவர்கள் மார்ச் மாதத்திலேயே கையிருப்பை ஒதுக்கி வைத்து, தடைக்காலத்தில் கருவாடு வாங்கி விற்க அதைக் கடனாகக் கொடுக்கிறார்கள். மீனவ மகளிர் ஆண்டுக்கு 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாக மழைக்கால மந்தத்தில் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மீன்பாடி வண்டியை அமர்த்திக்கொள்வதும், ஐஸை மொத்தமாக வாங்குவதும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களே கண்ட வழிகள். சாலையோர வியாபாரிகளுக்கு 2020-இல் வந்த சுவநிதி திட்டத்தின் பத்தாயிரம் ரூபாய்க் கடனையும் சிலர் பெற்றார்கள். ஆனால் உட்கார்ந்து விற்கும் இடம் உறுதியாக இல்லாதவரை கடனால் ஆவது கொஞ்சம்தான். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கும் என்று சொல்கிறது. இது தெரிந்த மீன்காரப் பெண்களை நான் மிகக் குறைவாகவே சந்தித்திருக்கிறேன்.

குழு என்ற பெயரில் பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தொழில்முனைவில் சேர்க்கலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய் இட்லியை அவித்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். வடசென்னையின் சுமை தூக்குவோரும் ரிக்‌ஷா ஓட்டுவோரும் அந்த உணவால் பசியாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். பல பெண்களுக்கு வீட்டருகே நிலையான வேலையும் கிடைத்தது. இருந்தாலும் அரிசியை வாங்குவது, விலையை வைப்பது, உணவுப் பட்டியலைத் தீர்மானிப்பது எதுவும் அவர்கள் கையில் இல்லை. நாள் கூலி 300 ரூபாயில் தொடங்கி, 2024-இல்தான் 325 ஆயிற்று. பதினோரு ஆண்டில் இருபத்தைந்து ரூபாய். நிரந்தரப் பணியாளர் என்றால் சங்கம் வைத்துக் கேட்கலாம். தொழில்முனைவோர் என்றால் விலையை ஏற்றலாம். இவர்களுக்கு இரண்டும் இல்லை. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் பல ஊர்களில் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அங்கும் இதே கேள்வி எழும். நல்ல வேலை, நல்ல திட்டம். கூலியைக் கூலி என்றே சொல்லி அதற்குரிய உரிமைகளைக் கொடுக்கலாமே.

பெண்களே உரிமையாளர்களாக நடத்தும் தொழிலுக்கு இந்தியாவில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1959-இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், இன்றும் அப்பளம் இடும் பெண்களையே பங்குதாரர்களாகக் கொண்டு நடக்கிறது. கேரளத்தில் 1998-இல் உருவான குடும்பஸ்ரீ, அக்கம்பக்கக் குழுக்களின் மேல் உணவகங்களையும் சிறு தொழில்களையும் கட்டியெழுப்பியது. இவை இரண்டிலும் பொருளைச் செய்வதற்கு இணையாக, அதை விற்பதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. நம்மிடமும் மாவட்டங்களில் பூமாலை வணிக வளாகங்கள், கல்லூரிச் சந்தைகள், நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சிகள், மதி என்ற வணிகப் பெயர் எல்லாம் இருக்கின்றன. கண்காட்சி நாள்களில் விற்பனை நன்றாகவே நடக்கிறது. நாள்தோறும் வாங்கும் கடைதான் அமைய மாட்டேன் என்கிறது. நெகிழிப் பைகளுக்கு 2019 சனவரியில் தடை வந்து, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கியபோது, துணிப்பை தைக்கும் குழுக்கள் எங்கள் பக்கம் பெருகின. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்து வாழ்கிறவர்களுக்கு இந்தத் தொழிலின் சமூகப் பயனை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தெருக்கடைகளில் நெகிழிப் பை திரும்பி வந்ததும், பை தைத்தவர்கள் பழையபடி உள்பாவாடை தைக்கப் போய்விட்டார்கள்.

இந்த உள்பாவாடைத் தொழில்தான் எங்கள் பகுதியின் பெரும்பாலான தையல் குழுக்களுக்குச் சோறு போடுகிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைக் கடைகள் துணியை வெட்டிக் கொடுக்கும். வீட்டில் தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. அந்தக் கூலி பல ஆண்டுகளாக அசையவில்லை என்று கண்டு, நான் கணக்குப் பார்க்கும் குழு ஒன்றில் ஒன்பது பெண்கள் சேர்ந்து, வங்கிக் கடனில் பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த விலைக்குத் துணி வாங்கித் தாங்களே தைத்துக் கடைகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், விலை விசாரிக்க நான்கு நடை போய்வரத் தயங்கவில்லை. சுமையோடு திரும்பும்போது மட்டும் ஆட்டோ. உருப்படிக்கு முன்பு கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நின்றது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடைக்காரர் சரக்கை எடுத்துக்கொண்டு, பணத்தை இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொடுக்கிறார்; வங்கித் தவணையோ மாதா மாதம் வருகிறது. இடைவெளியை நிரப்ப ஒருத்தி தண்டல் வாங்கினாள். லாபத்தில் பெரும்பங்கு அங்கே போயிற்று.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறுந்தொழிலிடம் பொருள் வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, அப்படிக் கெடு தாண்டி நிலுவையில் வைத்த தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது. இத்தகைய தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, சுய உதவிக் குழுவாகவே பதிவு செய்துகொள்ளலாம். இணையம் வழியாகப் புகார் அளித்தால், அதை விசாரிக்கச் சென்னையில் ஒரு மன்றமும் இருக்கிறது. மகளிர் குழுக்களுக்கான பயிற்சிகளில் மெழுகுவர்த்தியும் ஊறுகாயும் செய்யச் சொல்லிக் கொடுப்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுக்கலாம்.

குழுக்களைக் கலைக்கும் இன்னொரு காரணம் யாருடைய அறிக்கையிலும் அதிகம் வருவதில்லை. குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் பழைய அடுக்குமாடிகள் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகின்றன. கட்டடம் சிதிலமானபோது இடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய இருபது குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகை வீடு தேடி மாதவரம், மணலி, எர்ணாவூர் என்று சிதறும்போது வாரக் கூட்டம் நின்றுபோகிறது. கூட்டம் நின்ற மறுமாதமே தவணை நிற்கிறது. அடுத்து வங்கியில் குழுவின் பெயர் கெடுகிறது. நகரின் தென்கோடியில் உள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போனவர்களின் குழுக்கள் பெரும்பாலும் அப்படியே முடிந்துபோயின. இடம்பெயரும் குடும்பங்களின் பட்டியலை எடுக்கும்போதே குழுக்களின் பட்டியலையும் எடுத்து, கூடுமானவரை அவர்களைப் பக்கம் பக்கமாகக் குடியமர்த்துவது முடியாத காரியமா என்ன?

மேலே சொன்ன உள்பாவாடைக் குழுவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அவர்கள் உத்யம் பதிவு செய்துவிட்டார்கள். நிலுவை வைத்திருந்த கடைக்காரருக்கு, 45 நாள் விதியைக் குறிப்பிட்டு, பதிவுச் சான்றிதழின் நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எழுத்து என்னுடையது, வாசகம் ஊக்குநருடையது. மிகவும் பணிவாக, அண்ணன் என்று விளித்தே எழுதச் சொன்னார். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு முக்கால்வாசித் தொகையைக் கொடுத்தார். கூடவே, இனி உங்களிடம் சரக்கு எடுக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். அடுத்த சரக்கை வேறு கடைக்குக் கொண்டுபோகலாம் என்கிறார்கள் ஐந்து பேர். தீபாவளி வரும்வரை அவரிடமே போய்ச் சமாதானம் பேசலாம் என்கிறார்கள் நான்கு பேர். கடந்த கூட்டத்தில் முடிவு எட்டவில்லை. தீர்மானப் புத்தகத்தில் இரு தரப்பையும் எழுதி, மீதித் தொகை வந்த பிறகு மீண்டும் பேசுவது என்று ஒத்திவைத்திருக்கிறார்கள்.